புத்தகத்துக்கு நான் கட்டிய சிவப்பு டேக்

நான் பொறாமைக்காரி. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு, ஏதோ நீங்களே கண்டுபிடித்த மாதிரி பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டாம்.

எதிர்வீட்டுக்காரி கார் வாங்கினால் எனக்கு ஒன்றும் ஆகாது. தெருவில் யார் மாடி எழுப்பினாலும் நிம்மதியாகத் தூங்குவேன். என் பொறாமை மொத்தமும் ஒரே ஆளுக்குத்தான். அவள் பெயர் இசக்கி. என் கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வீட்டில் இருக்கிறாள், ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறாள், ஒரே குழம்பைச் சாப்பிடுகிறாள். பொறாமைப்பட இவ்வளவு வசதி வேறு யாருக்கும் கிடைத்திருக்காது.

எங்கள் வீடு படப்பையில். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில், தரம் பார்க்கிற வேலையில் அப்போது எனக்கு எட்டு வருஷம் ஆகியிருந்தது. லைனில் வருகிற பாகத்தை எடுத்து, அளந்து, விரலால் ஓரத்தைத் தடவி, சரி என்றால் அனுப்புவேன், சரியில்லை என்றால் ஒதுக்குவேன். தலைமுடி அளவு பிசிர் இருந்தாலும் என் விரலுக்குத் தெரிந்துவிடும். (கையுறை போட்டுக்கொண்டே சொல்லுவேன். சும்மா பீற்றிக்கொள்ளவில்லை.)

இசக்கி கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். ஹாஸ்டலில் தங்கியிருந்தவளை என் கொழுந்தன் காதலித்துக் கட்டிக்கொண்டான். வீட்டுக்கு வந்த முதல் வாரமே என் மாமியார், "அந்தப் பொண்ணு இன்னா அமைதியா கீது பாரு" என்றார். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

இந்த நிலையில்தான் கம்பெனியில் அறிவிப்பு ஒட்டினார்கள். தர இன்ஜினியர் வேலை ஒன்று காலி. வெளியிலிருந்து ஆள் எடுக்காமல், டிப்ளமோ முடித்த எங்களுக்குள்ளேயே தேர்வு வைத்து ஒருவரை எடுப்பார்கள். தேர்வுக்குத் தயாராக, பக்கத்தில் இருக்கிற பல்கலைக்கழகத்தில் சனி, ஞாயிறு வகுப்பு. வகுப்புக்குப் பேர் கொடுத்தவர்களுக்கு அந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் கார்டும் உண்டு.

எட்டு வருஷமாக அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். லைனில் நின்று நின்று வந்த முட்டி வலியைப் பொறுத்துக்கொண்டதே அந்த நாற்காலியை நினைத்துத்தான். இசக்கிக்கு இரண்டரை வருஷ சர்வீஸ். பேர் கொடுக்கிற அன்றைக்கு வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, "நானும் எழுதலாம்னு இருக்கேன்க்கா. உங்க கூடயே போய்ட்டு வந்துரலாம்லா" என்றாள். துணைக்கு வருகிறாளாம்!

முதல் சனிக்கிழமை நூலகத்தைக் காட்டினார்கள். மூன்று மாடி. வாசலில் பையை வாங்கிக்கொள்கிறார்கள், நோட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள், உள்ளே பேசக்கூடாது என்று சுவர் சுவராக எழுதி வைத்திருக்கிறார்கள். கார்டுக்கு இரண்டு புத்தகம், பதினாலு நாள், யாரும் கேட்காவிட்டால் நீட்டித்துக்கொள்ளலாம். புத்தகம் வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் பேரை அடித்துப் பார்க்க வேண்டும். அது ஒரு எண் காட்டும். அந்த எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு அலமாரியைத் தேடிப் போக வேண்டும். இசக்கி உட்கார்ந்தாள், அடித்தாள், எழுதினாள், மாடி ஏறினாள். நான் அடித்தால் திரை முழுக்கப் புத்தகமாக வந்து நின்றது. எதை எடுப்பது?

மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னக்கா தேடுதீங்க? சொல்லுங்க, நம்பர் எடுத்துத் தாரேன்" என்றாள்.

"எனக்குத் தெரியும். நீ ஒன் வேலையப் பாரு."

கொஞ்ச நேரத்தில் இரண்டு தடிப் புத்தகங்களோடு இறங்கி வந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. நேராகக் கீழ்த்தளத்து மூலை அலமாரிக்குப் போனேன். அவள் புத்தகத்தைவிடத் தடியாக இரண்டை உருவினேன். தடிமன் மட்டும்தான் பார்த்தேன். அளக்கிற வேலை பார்த்துப் பழகியவள் வேறு எதைப் பார்ப்பாள்?

வீட்டுக்கு வந்து அட்டையைப் படித்தேன். ஒன்று, பாலம் கட்ட மண்ணை எப்படிச் சோதிப்பது என்பது. இன்னொன்று, தோல் பதனிடுவது.

திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் கூடத்தில் இசக்கி, தன் புத்தகங்களுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி செய்தித்தாளில் அட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரே நான் தப்பாக எடுத்துவிட்டேன் என்று சொல்வதா? தோல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தினமும் அரை மணி நேரம் பக்கம் பக்கமாகத் திருப்பினேன். மாமியார் வந்து, "இன்னாடி அது, ஆட்டுப் படம் போட்டுகீது?" என்றார்.

"கம்பெனி விஷயம் அத்தை. ஒங்களுக்குப் புரியாது."

(பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் எதற்கு ஊறவைக்கிறார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்லுவேன். யாரும் கேட்டதில்லை.)

பதினாலு நாள் முடிந்ததும் அந்த இரண்டையும் இன்னொரு பதினாலு நாள் நீட்டித்தேன். நினைத்தபடியே, வேறு யாரும் அவற்றைக் கேட்டு வரவில்லை.

இதற்கிடையில் வகுப்பெடுக்கிற சார் ஒரு விஷயம் சொன்னார். கேள்வித்தாளில் வருகிற கணக்கெல்லாம் ஒரே புத்தகத்தில் போட்டுக் காட்டியிருக்கிறது. பச்சை அட்டை. நூலகத்தில் வெளியே கொடுக்கிற பிரதி ஒன்றே ஒன்றுதான். சொல்லி முடிப்பதற்குள் ஐந்து பேர் எழுந்து ஓடினோம். கம்ப்யூட்டரில், வெளியில் போயிருக்கிறது என்று வந்தது. யார் எடுத்திருக்கிறார்கள் என்று கவுன்டரில் கேட்டேன். அதைச் சொல்ல மாட்டார்களாம். அதற்குப் பிறகு வகுப்புக்குப் போகிற நாளெல்லாம் அலமாரியில் போய்ப் பார்ப்பேன். பல் விழுந்த மாதிரி அந்த ஒரு இடம் மட்டும் காலியாக இருக்கும்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, காலை ஏ ஷிஃப்ட் முடித்துச் சீருடையோடு நேராக நூலகத்துக்குப் போனேன். இசக்கிக்கு அன்றைக்கு இரண்டாம் ஷிஃப்ட், வகுப்புக்கு வர முடியாது. அலமாரியைப் பார்க்கிறேன், பச்சை அட்டை. சும்மா நின்றுகொண்டிருக்கிறது, எடுத்துக்கோ என்று.

கட்டிப்பிடித்துக்கொண்டு கவுன்டருக்கு ஓடினேன். நூலகர் மேடமே உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட, சத்தமே இல்லாமல் பேசுகிற அம்மா. என் கார்டைத் தேய்த்துப் பார்த்தார்.

"உங்க பேர்ல ஏற்கெனவே ரெண்டு புத்தகம் இருக்கும்மா. ஒண்ணையாவது திருப்பிக் குடுத்தாத்தான் இதத் தர முடியும்."

"ரெண்டும் வூட்டுல கீது மேடம். நாளைக்கே எடுத்தாந்து குடுத்துர்றேன். அதுவரைக்கும் இத எடுத்து வைங்க."

"வெளிய போன புத்தகத்துக்குத்தான் முன்பதிவு. அலமாரியில இருக்கறத யார் வேணா எடுக்கலாம். எடுத்து வைக்கறது இல்ல."

அலமாரிக்கே திரும்பிப் போனேன். மறுநாள் ஞாயிறு. இசக்கிக்கு விடுமுறை. எனக்கு முன்னால் வந்து எடுத்துவிடுவாள். அவளுக்கு நூலகம் தண்ணீர் பட்ட பாடு. அந்தப் புத்தகத்தை அவள் மடியில் நினைத்துப் பார்த்தேன், செய்தித்தாள் அட்டையோடு. அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

எங்கள் கம்பெனியில் ஒரு பாகத்தை யாரும் தொடக்கூடாது என்றால் அதில் டேக் கட்டுவோம். நூல் கோத்த அட்டை. மஞ்சள் என்றால் நிறுத்தி வைத்திருக்கிறது என்று அர்த்தம். சிவப்பு என்றால் ரிஜெக்ட். டேக் தொங்கும் பாகத்தை மேனேஜரே வந்தாலும் தொட மாட்டார். சட்டைப் பையில் கைவிட்டேன். மஞ்சள் தீர்ந்திருந்தது. சிவப்புதான் இருந்தது. நூலகத்தில் யாருக்குச் சிவப்பு தெரியப்போகிறது, மஞ்சள் தெரியப்போகிறது? தொங்குவதைப் பார்த்தால் கை வைக்க மாட்டார்கள், அவ்வளவுதானே?

கட்டியதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். எட்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் டேக் எழுதியிருப்பேன்! வெறும் டேக் கட்ட என் கைக்குத் தெரியாது. பேனாவை எடுத்தது, எல்லாக் கட்டத்தையும் வரிசையாக நிரப்பியது, கீழே கையெழுத்தும் போட்டது. மூளை வேறு எங்கேயோ, இசக்கியின் முகம் நாளைக்கு எப்படி ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

புத்தகத்தைக் கொண்டுபோய்த் தோல் பதனிடும் அலமாரியில் கடைசித் தட்டில் செருகினேன். அந்தப் பக்கம் என்னைத் தவிர எவரும் போனதில்லை என்பது எனக்குத்தான் தெரியுமே!

ஞாயிற்றுக்கிழமை காலையில் இசக்கிக்கு நானே தோசை சுட்டுப் போட்டேன். என் வீட்டுக்காரர் பாபு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இன்னா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவள் அறைக்குப் போனதும் அவரிடம் மட்டும், அந்தப் பச்சைப் புத்தகம் வந்துவிட்டது, என் கார்டு நிரம்பியிருப்பதால் நேற்று எடுக்க முடியவில்லை, இன்றைக்கு எடுத்துவிடுவேன் என்று சொன்னேன். டேக்கைப் பற்றி மூச்சு விடவில்லை.

சமையலை முடித்துவிட்டு, இரண்டு தடிப் புத்தகங்களையும் மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன். இசக்கி எனக்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தாள். நூலகத்தில் முதலில் கவுன்டருக்குப் போய் இரண்டையும் கொடுத்தேன், கார்டையும் கொடுத்தேன், ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுத் தோல் அலமாரிக்கு நடந்தேன். குனிந்தேன். கடைசித் தட்டில் பச்சை இல்லை. தட்டு முழுக்கத் தேடினேன். மேல்தட்டும் தேடினேன். இல்லை.

திரும்பிப் பார்த்தால் கவுன்டரில் இசக்கி. மேடம் அவளிடம், "நேத்துதான் திரும்பி வந்துச்சு, அலமாரியில இருக்கணுமே" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இசக்கியும் அதே புத்தகத்தைத்தான் கேட்கிறாள்! எடுத்து எங்கேயோ ஒளித்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்கிறாள் என்று அந்த நொடியிலேயே முடிவு கட்டினேன். (தான் செய்வதையே அடுத்தவர் மேல் சந்தேகப்படுவது எவ்வளவு சுலபம்!)

"இன்னா மேடம் லைப்ரரி நடத்துறீங்க?" என்று ஆரம்பித்தேன். படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். என்னோடு தேர்வு எழுதப்போகிற மற்ற நாலு பேரும் அங்கேதான் இருந்தார்கள். "நேத்து சாயங்காலம் என் கண்ணால பாத்தேன். எவளோ எடுத்து ஒளிச்சு வெச்சிகினா. இதெல்லாம் ஒரு பொழப்பா? யாருன்னு கண்டுபிடிங்க. கண்டுபிடிச்சு, பரிச்ச முடியறவரைக்கும் கார்டைப் புடுங்கி வைங்க!"

"மெதுவாப் பேசுங்கம்மா" என்றார் மேடம்.

"அக்கா, யாரச் சொல்லுதீங்க?" என்றாள் இசக்கி.

"ஏன், குத்துதா?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. அதைப் பார்த்து எனக்கு ஒரு திருப்தி. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

மேடம், "ஏழுமலை!" என்று கூப்பிட்டார். மாடிப்படிக்குப் பக்கத்திலிருந்து சாவிக்கொத்தோடு ஒரு ஆள் வந்தார். ஐம்பது வயசுக்கு மேல். நூலக உதவியாளர்.

"பச்சை அட்டைப் புத்தகம் ஒண்ணு, பாத்தீங்களா?"

"அது ரிஜெக்ட் ஆயிடுச்சே மேடம். தனியா எடுத்து வெச்சிட்டேன்."

"ரிஜெக்டா? யாரு பண்ணா?"

"செகப்பு டேக் தொங்கினு இருந்தது மேடம். நான் வல்லம் வடகால்ல ஒரு கம்பெனி ஸ்டோர்ஸ்ல பதினாறு வருஷம் இருந்தவன். செகப்பப் பாத்தா என் கை சும்மா இருக்காது. அங்கயே வுட்டா நல்ல சரக்கோட கலந்துடும் இல்ல? அதான் கழிச்ச புக்கெல்லாம் கட்டிப் போட்டுக்கீற ரூம்ல வெச்சுப் பூட்டிட்டேன்."

டேக் புத்தகத்தோடு பூட்டிய அறைக்குள் இருக்கும், யாருக்கும் தெரியாது, மெல்ல நகர்ந்துவிடலாம் என்று நினைத்தேன். ஏழுமலை சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தார். ஸ்டோர்ஸ்காரர் அல்லவா, பத்திரமாக மடிக்காமல் வைத்திருந்தார். சரக்கு வந்தால் வாசித்துக் காட்டுகிற அதே குரலில், கூடம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்.

"பொருள், புத்தகம். எண்ணிக்கை, ஒண்ணு. குறை, ஓரத்தில் பிசிர். முடிவு, ஸ்கிராப். ஷிஃப்ட், ஏ. பார்த்தவர், எஸ். தேவி. கையெழுத்து கீது."

மேடம் டேக்கை வாங்கிப் பார்த்தார். பிறகு கையில் இருந்த என் கார்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் டேக்கைப் பார்த்தார்.

"பிசிரா?" என்றார்.

ஏழுமலைதான், தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்தவரிடம் கேட்கிற மரியாதையோடு கேட்டார்: "எந்த ஓரத்துலம்மா? நானும் நாலு பக்கமும் தடவிப் பாத்தேன். கைக்கு ஒண்ணும் தட்டலியே?"

இசக்கி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ஒரு நொடி நினைத்தேன். அவளாவது, அழுவதாவது.

சரி, புத்தகத்தைக் கொண்டுவாருங்கள் என்றார் மேடம். ஏழுமலை நகரவில்லை.

"ரிலீஸ் கையெழுத்து இல்லாம எப்படி மேடம்? டேக் போட்டவங்கதான் காரணம் எழுதி ரிலீஸ் பண்ணணும். இல்லாம எடுத்தா நாளைக்கு எம்மேல வரும்."

"ஏழுமலை, இது லைப்ரரி."

"இருக்கட்டும் மேடம். டேக் டேக்குதான்."

ஆகவே, முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, கவுன்டரில் குனிந்து, டேக்கின் பின்பக்கம் எழுதினேன்: 'மறுபடி பார்த்ததில் சரியாக உள்ளது. குறை இல்லை.' கையெழுத்துப் போட்டேன். ஏழுமலை இரண்டு பக்கத்துக் கையெழுத்தையும் ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியை எடுத்தார்.

மேடம் என் கார்டைத் திருப்பித் தரவில்லை. மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, "பரிச்ச முடிஞ்சதும் வந்து வாங்கிக்கங்க. நீங்க சொன்னதுதான்" என்றார், அதே சத்தமில்லாத குரலில். புத்தகம் இசக்கியின் கார்டில் போனது.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் வேறு இடம் இல்லை. அவள் பக்கத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் புத்தகத்தை என் மடியில் வைத்தாள்.

"இந்தாங்கக்கா."

"எனக்கு ஒண்ணும் வாணாம். நீ படி."

"நான் படிச்சு முடிச்சிட்டேன்க்கா. இம்புட்டு நாளும் என்கிட்டதான் இருந்துச்சு. நேத்து காலைல ஷிஃப்டுக்கு முந்தி நாந்தான் திருப்பிக் குடுத்தேன். உங்க கார்டு நெறஞ்சிருச்சுன்னு பாபு அத்தான் காலைல சொன்னாவ. அதான் என் கார்டுல எடுத்து உங்களுக்குக் குடுக்கலாம்னு வந்தேன்."

நல்ல மனசுக்காரியாக இருந்தால் அந்த இடத்தில் கண் கலங்கியிருக்கும். எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. கூடத்தில் என் எதிரே உட்கார்ந்து, செய்தித்தாள் அட்டைக்குள் அதைத்தான் படித்திருக்கிறாள்! யாருக்கும் கிடைக்கக் கூடாது என்று நான் ஒளித்ததை, அவள் ஏற்கெனவே கரைத்துக் குடித்துவிட்டாள். போதாததற்கு நல்லவளாக வேறு இருக்கிறாள்.

"அதை அன்னிக்கே ஏண்டி சொல்லல?"

"நீங்கதான் தோல் புத்தகம் படிச்சிக்கிட்டு இருந்தீங்களே" என்றாள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "எடஞ்சல் பண்ண வேண்டாம்னு இருந்துட்டேன்."

டேக் சமாச்சாரத்தை வீட்டில் சொல்லக் கூடாது என்று அவள் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். வீடு போகிறவரைக்கும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். சத்தியத்தைக் காப்பாற்றினாள். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றியபிறகுதான் சொன்னாள்.

மாமியாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறி, பாபுதான் தலையில் தட்டினார். அன்றைக்கு ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. போன மாதம்கூடச் சொந்தக்காரர் ஒருவர் மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு போட்டோவைக் கொண்டுவந்து காட்டினார். மாமியார் கையில் வாங்காமல் சொன்னார்: "எங்க பெரிய மருமவகிட்ட குடுங்க. ஓரத்துல பிசிர் கீதான்னு தடவிப் பாத்துச் சொல்லும்."

அந்த இரண்டு வாரமும் பச்சைப் புத்தகத்தைப் படித்தேன். புரியாத கணக்குகளை இசக்கி சொல்லிக் கொடுத்தாள். நன்றாகச் சொல்லிக் கொடுத்தாள் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும், எழுதிவிட்டேன். தேர்வு எழுதியது ஆறு பேர். நான் இரண்டாவது. முதலில் வந்தது யார் என்று சொல்ல வேண்டுமா? இருந்தது ஒரு நாற்காலி.

வீட்டில் நான் மூத்தவள். கம்பெனியில் அவள் மேடம். இப்போது நான் எழுதுகிற ஒவ்வொரு சிவப்பு டேக்கிலும் இன்ஜினியர் கையெழுத்து வேண்டும். பாகத்தையும் டேக்கையும் எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குப் போவேன். அவள் பாகத்தைக் கையில் எடுப்பாள், ஓரத்தை மெல்லத் தடவுவாள், என்னைப் பார்ப்பாள்.

"இது நெசமாவே ரிஜெக்டாக்கா? இல்ல, நாளைக்கு வந்து எடுத்துக்கிடலாம்னு வச்சிருக்கீங்களா?"

லைனில் இருக்கிற பெண்கள் எல்லாரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாயைத் திறந்து நறுக்கென்று நாலு வார்த்தை சொல்லலாம் என்று வரும். சொல்ல முடியாது. அவள் பேனாவை மூடி டேக்கைத் திருப்பித் தருகிறவரைக்கும் நான் அங்கேயே நிற்க வேண்டும். உட்கார அந்த அறையில் ஒரு நாற்காலிதான் இருக்கிறது.